எக்ஸ்ரே பிலிமில் பிடித்த முகங்கள்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்குக் கம்ப்யூட்டர் வந்த வாரம், பழைய சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார் டாக்டர். சிவப்பு விளக்கு ஒன்று, பிலிம் மாட்டும் சட்டங்கள், பிலிம் கழுவும் டெவலப்பர் தூள் பொட்டலங்கள், பிரிக்காத பிலிம் பெட்டிகள் ஆறு. பிலிமின் தேதி முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டு வருடம் அந்த இருட்டறையில் நின்று ஊர்க்காரர்களின் முட்டியையும் முதுகெலும்பையும் கழுவி எடுத்தவள் நான். அவற்றைக் குப்பையில் போடக் கை வரவில்லை.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போயி என்னம்மா பண்ணுவே?"

ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்கு மேல் அடுக்கி வைத்தேன்.

என்ன செய்யலாம் என்பதைச் செல்போன்தான் சொல்லிக்கொடுத்தது. எங்கேயோ ஒரு வெளிநாட்டுக்காரர் எக்ஸ்ரே பிலிமை நான்காக வெட்டி, மரப்பெட்டி மாதிரி இருந்த ஒரு கேமராவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் லென்ஸ், பின்னால் கண்ணாடி, நடுவில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு கூண்டு. தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு படம் எடுக்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் அவர் கழுவிக் காட்டிய படத்தில் ஒரு கிழவரின் தாடி மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல இருந்தது. நான் அந்த வீடியோவை ஒரே நாளில் நாலு தடவை பார்த்தேன். அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது பைத்தியம்.

என் கணவருக்குத் தியாகதுருகம் ரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"போன்லயே படம் புடிக்கலாமே. இத்தினி பெரிய பொட்டி எதுக்கு?"

"நெறைய பிலிம் இருக்குதுங்க. வீணாப் போவும்."

"பிலிம் வீணாப் போவுதுன்னு கேமரா வாங்கறியா? நல்லா இருக்குதே கத!" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் தேடி, சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய கேமரா ஒன்றைப் பிடித்தேன். பஸ் பார்சலில் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்தபோது என் உற்சாகம் கொஞ்சம் இறங்கிவிட்டது. துருத்தி மடிப்புகளில் ஓட்டை. பின்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. ஏதோ அச்சகத்தின் பெரிய கேமராவிலிருந்து கழற்றிய லென்ஸ் கூடவே வந்திருந்தது; ஆனால் அதில் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. பிலிம் போடும் தட்டையான பெட்டிகள் மூன்று இருந்தன. ஹோல்டர் என்பார்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு பிலிம் போடலாம். ஆக, ஒரு பயணத்துக்கு ஆறு படம். அவ்வளவுதான்.

இங்கேதான் என் கணவர் உள்ளே வந்தார். அவருக்கு உடைந்த பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"இந்த ஓட்டையெல்லாம் எப்பிடிக் கண்டுபுடிக்கிறது? டியூபுன்னா தண்ணில முக்கிப் பாக்கலாம்" என்றார்.

ஜன்னல்களைச் சாத்தி, துருத்திக்குள் ஒரு பல்பை எரியவிட்டோம். ஓட்டை இருந்த இடமெல்லாம் நட்சத்திரம் போல வெளிச்சம் வந்தது. அவர் பஞ்சர் ஒட்டும் பொறுமையுடன் ஒவ்வொன்றாகக் கறுப்பு ரெக்ஸின் துண்டு வைத்து ஒட்டினார். அடுத்து கண்ணாடி. படம் விழுவதற்குப் பால் நிறத்தில் சொரசொரப்பாக ஒரு கண்ணாடி வேண்டும். என்ஜின் வால்வைத் தேய்க்கும் பசையை எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஒரு மதியம் முழுக்கச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கழுவிப் பார்த்தால் மூடுபனி பிடித்த ஜன்னல் போலச் சீராக இருந்தது. கடைக்கு வந்த ஆட்களிடம் எல்லாம், "என் வூட்டுக்காரி ஸ்டூடியோ வைக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தலையில் போர்த்த கறுப்புத் துணி வாங்கக் கடைத்தெருவில் ஒரு பாய் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுத் துணிமணிக்கெல்லாம் அதுதான் கடை. நாலைந்து கறுப்புத் துணிகளை எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, அதற்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா பாக்கறீங்க? துணில கொற ஒண்ணும் இல்லியே."

"வெளிச்சம் வரக் கூடாதுங்க பாய். கேமராவுக்கு."

"கேமராவுக்கா! நம்ம கடையில கேமராவுக்குப் பர்தா எடுக்க வந்தவங்க நீங்கதாம்மா மொத ஆளு." அவரே கடைக்குள் போய், அடியில் கிடந்த கனமான துணி ஒன்றை இழுத்து வந்தார். "இத்தப் பாருங்க. வெய்ட்டு ஜாஸ்தி. ரெண்டு மடிப்பாத் தச்சிக்கினா சூரியனே உள்ள வராது."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அந்தத் துணிதான்.

முதல் படம் என் கணவரையும் அவருடைய சிவப்பு பைக்கையும் எடுப்பதாக ஏற்பாடு. ஒர்க்‌ஷாப் பக்கத்து வேப்பமர நிழல். லென்ஸில் ஷட்டர் இல்லாததால், மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடவேண்டும். வெயிலில் எடுத்தால் அரைக்கால் விநாடிகூட அதிகம். கை அவ்வளவு வேகமாக மூடாது. நிழலில் இரண்டு விநாடி சரியாக இருந்தது. இரண்டு விநாடி ஆள் ஆடாமல் இருக்கவேண்டுமே. எனக்கு அது புதுசா? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூச்ச நல்லா இழுங்க... புடிச்சிக்குங்க... ஆடாதீங்க... இப்ப வுடுங்க."

"நெஞ்சு எக்ஸ்ரேயா எடுக்கற?" என்றார் அவர், மூச்சை விட்டபிறகு.

முதல் பிலிமில் ஒன்றுமே இல்லை. ஹோல்டரின் முன்னால் இருக்கும் மூடித் தகட்டை உருவ மறந்திருந்தேன். இரண்டாவது முழுக்கக் கறுப்பு. லென்ஸ் மூடியைப் போடாமலே தகட்டை உருவியிருந்தேன். மூன்றாவதில் பைக் இருந்தது, அவர் இருந்தார், எல்லாவற்றுக்கும் குறுக்கே பூனை பிறாண்டியது போலக் கீறல். எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு. வீட்டில் பிளாஸ்டிக் தட்டில் போட்டுக் கழுவும்போது அடியில் உரசினால் போச்சு. இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் பிலிமைச் சட்டத்தில் மாட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டே கழுவியதால் எனக்கு அந்தத் தொல்லை தெரியவில்லை. தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடி ஒன்றைப் போட்டு, வெந்நீர் போலிருந்த எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டுக் குளிரவைத்து, டெவலப்பரை நன்றாக நீர்க்கக் கரைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை மறுபடியும் எடுத்தேன்; மதியம் கழுவினேன். குளியலறை ஜன்னலில் அட்டை, கதவிடுக்கில் பழைய புடவை, உள்ளே சிவப்பு விளக்கு. தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். வெள்ளைத் தாளில் மை ஊறுவது போல முதலில் அவருடைய சட்டைக் காலர் வந்தது. பிறகு பல். எலும்பு வருவதைத்தான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு முகம், அதுவும் சிரிக்கிற முகம், கீறல் இல்லாமல் அந்த மருந்துத் தண்ணீரில் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. என்னை அறியாமல் கத்திவிட்டேன். வெளியே துண்டோடு குளிக்கக் காத்திருந்தவர், "இன்னா ஆச்சி? வழுக்கி வுழுந்துட்டியா?" என்று கதவைத் தட்டினார். திறக்கவில்லை. திறந்தால் அவர் முகம் போய்விடும்.

பிலிமைப் போட்டோத் தாளோடு சேர்த்து வைத்து, வெளிச்சம் காட்டிப் படமாக்கினேன். அந்தப் படத்தை அவர் கடையில் மாட்டினார். ஒரு குறைதான். "என் செவப்பு வண்டி இன்னா இப்பிடிக் கருப்பாயிடுச்சி?" எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் அதைக் கழுவ முடிகிறது. குங்குமப் பொட்டு, வெற்றிலை போட்ட உதடு, சிவப்புப் புடவை எல்லாம் கறுப்பாகவே விழும். ஆட்களும் ஒரு சுற்று கறுத்துத்தான் போவார்கள்.

வடக்கனந்தலில் என்னோடு பள்ளிக்கூடம் படித்த தோழி ஒருத்தி கல்வராயன் மலையில் நர்ஸாக இருந்தாள். தடுப்பூசி போட ஊர் ஊராக நடப்பாள். அவள் என் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்க மலைக்கு வா. நெழலு வேணும்னு சொன்னியே. அங்க நெழலுக்கா பஞ்சம்?" என்றாள். ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கேமராவை நிறுத்த எனக்குக் கிடைத்தது, நிலம் அளக்கிறவர்கள் வைத்திருக்கும் மூன்று கால் மர ஸ்டாண்டு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறும்வரைக்கும் பக்கத்தில் இருந்தவர்களின் காலில் அது இடிக்காமல் பிடித்துக்கொள்வதே பெரிய வேலையாக இருந்தது. வெள்ளிமலையில் தோழி காத்திருந்தாள். அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து ஒரு சின்ன ஊருக்குப் போனோம். சாமைக் களமும், மரவள்ளித் தோட்டமும், முப்பது வீடும் இருக்கும்.

ஊருக்குள் நுழைந்ததுமே நாலு ஆண்கள் வழியில் வந்து நின்றார்கள். கண்ணெல்லாம் என் தோளில் இருந்த ஸ்டாண்டின் மேல்.

"யாரும்மா நீங்க? எங்க நெலத்த அளக்க வந்திருக்கீங்களா?" என்றார் அவர்களில் மூத்தவர். குரல் சரியாக இல்லை. எந்த ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலும் தோட்டம் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

தோழி முன்னால் வந்தாள். "இவங்க அளக்கறவங்க இல்லீங்க. என் கூடப் படிச்சவங்க. கள்ளக்குறிச்சில எக்ஸ்ரே எடுக்கறவங்க."

சொல்லியிருக்கக் கூடாது. அதற்குள் கூட்டத்திலிருந்து ஒருவர், "ஆமா! எனக்குக் கால் ஒடஞ்சப்ப இந்தம்மாதான் எடுத்தாங்க" என்று காலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். பயம் போய்விட்டது, வேறு தொல்லை வந்துவிட்டது. கேமராவை நிறுத்தித் துருத்தியை இழுத்துவிட்டுத் திரும்பினால் எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. ஒருவருக்கு முட்டி. ஒருவருக்கு இடுப்பு. ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, "சேலையோட எடுத்தா எலும்பு தெரியுமா?" என்று கேட்டாள்.

"இதுல எலும்பு தெரியாதும்மா. மூஞ்சிதான் தெரியும்."

"மூஞ்சிதான் எங்களுக்கே தெரியுமே!" என்றாள் அவள். நியாயமான பேச்சு.

வேறு வழியில்லாமல் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவராக உள்ளே விட்டுக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மரம் மேலிருந்து தொங்கும், வானம் கீழே கிடக்கும். முதலில் உள்ளே போன அம்மா வெளியே வர மறுத்துவிட்டாள். துணிக்குள்ளிருந்து அவள் சிரிப்பு மட்டும் வந்தது. "ஐயோ, எம்புருசன் தலகீழா நின்னுக்கினு பீடி குடிக்கறாரு! வேட்டி அவுந்து வுழப் போவுது!" அதற்குப்பிறகு ஊரே பார்த்தது. நான் கொண்டுபோன ஆறு பிலிமையும் எடுக்க மதியம் ஆகிவிட்டது.

அந்த ஆறில் கடைசி இரண்டுதான் கதை.

ஊரில் இரண்டு ஓரகத்திகள் இருந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம். மரம் யாருடையது என்பதில் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. அண்ணன் தம்பி சேர்ந்துதான் சாமைக் காட்டுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். பெண்கள் இரண்டு பேருக்கும்தான் முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. ஒருத்திக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால், மற்றவள் காதில் விழும்படி ஆட்டிடம் சொல்வாளாம். தோழி இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ரெண்டு பேரையும் தனித்தனியா எடு. இல்லன்னா வம்பு" என்றாள்.

கேமராவைப் பலாமரத்துக்கு எதிரே வைத்தேன். பின்னால் அடர்ந்த புதர், நல்ல இருட்டு. மூத்தவள் மரத்துக்கு இடப்பக்கம் கல்லில் உட்கார்ந்தாள். நெற்றியில் வட்டப் பொட்டு, தலை நிறைய எண்ணெய். மூச்சை இழுக்கச் சொன்னேன், பிடிக்கச் சொன்னேன், எடுத்தேன். அவள் போனபிறகு இளையவள் வந்தாள். அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"அவ உக்காந்த கல்லுல நா உக்கார மாட்டேன்."

மரத்துக்கு வலப்பக்கம் ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தேன். கேமராவை நகர்த்தினால் மறுபடியும் எல்லாம் சரிசெய்ய வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே எடுத்துவிட்டு மூட்டை கட்டினேன். தோழி அவசரப்படுத்தினாள். ஓட்டமும் நடையுமாக வெள்ளிமலை வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பிலிம்களைக் கழுவினேன். ஐந்தாவதாகக் கழுவிய பிலிமில் எதுவும் வரவில்லை. வெறும் பிலிம். ஆறாவதைப் போட்டேன். மெல்ல மெல்ல ஒரு பெண் வந்தாள். அவள் பக்கத்தில் இன்னொரு பெண் வந்தாள். நடுவில் பலாமரம்.

ஹோல்டரில் ஒரு பிலிமை எடுத்ததும் தகட்டைத் திருப்பிச் செருகி, ஹோல்டரை மறுபக்கம் மாற்றவேண்டும். மாற்ற மறந்திருக்கிறேன். ஒரே பிலிமில் இரண்டு தடவை. பின்னால் புதர் இருட்டாக இருந்ததால் இரண்டு பேரும் துலக்கமாக விழுந்துவிட்டார்கள். மூத்தவள் இளையவளைப் பார்த்தாற்போல லேசாகத் திரும்பியிருந்தாள். இளையவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் ஆசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

என் கணவர் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ மலைக்குப் போவாத. போனா ரெண்டு பேரும் சேந்து உன்ன ஒதைப்பாங்க. அதுல வேணா ஒத்துமையா இருப்பாங்க."

போகாமல் இருக்க முடியவில்லை. தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று ஹோல்டரின் ஆறு பக்கத்துக்கும் நெயில் பாலிஷால் நம்பர் எழுதி, புது பிலிம் போட்டுக்கொண்டு, கையகலப் படங்களை ஒரு நோட்டுக்குள் வைத்து, அடுத்த மாதம் திரும்ப மலை ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மற்ற படங்களை எல்லாம் கொடுத்து முடித்தேன். பீடி குடித்தவர் தன் படத்தைப் பார்த்து, "நேராத்தான் நிக்கறேன்" என்று நிம்மதியானார். கடைசியாக மூத்தவளிடம் அந்தப் படத்தை நீட்டினேன். பார்த்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவ எங்க வந்தா?"

"அது வந்து... என் தப்புங்க. பிலிம மாத்த மறந்துட்டேன்."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு முன்னால் நின்று, பலாமரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "ஏய்! எம் படத்துல நீ எதுக்கு வந்து உக்காந்த?"

ஆட்டிடம் சொல்லவில்லை. நேராகவே கேட்டுவிட்டாள்.

இளையவள் வெளியே வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். "நானா வந்தேன்? நல்லாப் பாரு. நா எங்க உரலு மேல உக்காந்துக்கினு கெடக்கறேன். நீதான் வந்து என் பக்கத்துல ஒட்டிக்கினு இருக்கற!"

"அது எங்க கல்லு!"

"கல்லு உன்னுது. மரம் யாருது?"

ஊர் கூடிவிட்டது. நான் நடுவில் நின்று, லென்ஸ், தகடு, பிலிம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மூன்று வருடத்துப் பேச்சும் ஒன்றாக வெளியே வந்தது. மரம், ஆடு, ஏதோ ஒரு கல்யாணத்தில் கூப்பிடாமல் விட்டது, வாங்கிப்போன பித்தளைக் குடம். அரை மணி நேரம் இருக்கும். பிறகு குரல் இறங்கியது. மூத்தவள் படத்தை மறுபடியும் பார்த்து, "பல்லு நல்லா இருக்குது உனக்கு" என்றாள். இளையவள், "உம் பொட்டு ஏன் இப்பிடிக் கருப்பா இருக்குது?" என்றாள். யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப்பிறகு அவர்களாலும் அடக்க முடியவில்லை.

சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மரத்தைப் பற்றி இன்றைக்கும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை என்று தோழி சொன்னாள். ஆனால் சண்டையை நேருக்கு நேர் போட்டுக்கொள்கிறார்கள். இடையிடையே வேறு பேச்சும் பேசுகிறார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனிப் படம் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார்கள். நம்பரைப் பார்த்து, ஹோல்டரைத் திருப்பி, வாய்விட்டு எண்ணி எண்ணி எடுத்தேன். இரண்டு வீட்டிலும் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வீட்டில் சாமைச் சோறு, இன்னொரு வீட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. எங்கேயும் மிச்சம் வைக்க முடியாது. தோழியும் நானும் மூச்சு முட்ட நடந்து பஸ்ஸைப் பிடித்தோம்.

அந்தத் தனிப் படங்கள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். சில மாதம் கழித்துத் தடுப்பூசி போடப் போன தோழி, மூத்தவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது அந்த இரட்டைப் படம்தான் என்று வந்து சொன்னாள். "தனியா எடுத்தது எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது பொட்டில இருக்குது. என் மூஞ்சி இதுலதான் நல்லா இருக்குது" என்றாளாம்.